போட்ட நாலு டாலர்

லிமிட் ஹோல்டெம் என்னும் போக்கர் ஆட்டத்தில், தம் கையில் என்ன சீட்டு விழப்போகிறது என்று அறியுமுன்னரே கட்டாயமாகப் பணம் வைக்கக் கடமைப்பட்ட இருவருள், பெரிய தொகையை வைப்பவருக்கு பிக் பிளைண்ட் என்று பெயர். அந்த ஸ்தானத்தில் அமர்ந்தவர்களிடையே வேரூன்றிவிட்ட ஒரு நம்பிக்கை உண்டு. எதிரி ஒருவர் பந்தயத்தை இரட்டிப்பாக ஏற்றும்போது, ‘பாதிப் பணம் ஏற்கெனவே என்னுடையது உள்ளே கிடக்கிறது, மீதிப் பாதியையும் வைத்து அதைக் காப்பாற்றுவதே முறை’ என்பதுதான் அது. முழுக்க நனைந்த பின் முக்காடு எதற்கு என்று நம்மவர் சொல்வதைப் போன்ற தர்க்கம் இது. ஆனால் இங்கே நனைந்திருப்பது கணுக்கால் மட்டுமே என்பதையும், இறங்க இறங்க ஆழம் கூடும் ஆறு இது என்பதையும் இவ்வாறு பேசுவோர் நினைத்துப் பார்ப்பதில்லை. ஆட்டக்காரனின் சிந்தையை முடமாக்கும் இந்த நம்பிக்கையை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன்.

மேஜையின் நடுவே வைத்த கணத்திலேயே அந்தப் பணத்துக்கும் வைத்தவனுக்கும் உள்ள பந்தம் அறுந்து, ஆட்டத்தின் முடிவில் வெல்பவன் எவனோ அவனுக்கு உரியதாக அது மாறிவிடுகிறது. டேவிட் ஸ்க்லான்ஸ்கி 1987-இல் வெளிவந்த ‘தி தியரி ஆஃப் போக்கர்’ என்ற நூலிலேயே இதை ஐயத்துக்கிடமின்றி எழுதிவைத்தார். அதனால் அந்தத் தொகைக்கு மதிப்பே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. வென்றால் கிடைக்கக்கூடிய திரவியத்தில் அதுவும் ஓர் அம்சம். அது முன்பே வைக்கப்பட்டிருப்பதால்தான், மற்றவர் எட்டு டாலர் கொடுத்து நுழையும் இடத்தில் பிக் பிளைண்ட் நாலு டாலர் கொடுத்து நுழைகிறார். விலை பாதியாகிறது என்பது மெய். ஆயினும் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காகச் சந்தையில் அழுகிய காயை எவரும் கூடையில் போட்டுக்கொள்வதில்லை.

கலிபோர்னியாவில் ஒரு சீட்டு விடுதியில், முதல் இரண்டு சுற்றுகளில் 4 டாலரும் பின்னிரண்டு சுற்றுகளில் 8 டாலருமாகப் பந்தயம் நடக்கும் மேஜையில், எனக்கு இடப்புறம் அமர்ந்திருந்த ஒரு பெரியவரை இன்றும் நினைவில் வைத்திருக்கிறேன். ஒன்பது பேரில் முதலாவதாகப் பேசவேண்டியவர் பந்தயத்தை 8 ஆக ஏற்றினார். ஏனையோர் அனைவரும் சீட்டைக் கவிழ்த்துவிட, நடுவில் 14 டாலர் கிடந்தது. பெரியவர் தம் சீட்டுகளின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு முறை தூக்கிப் பார்த்து, ‘என் நாலு டாலர் உள்ளே இருக்கிறதே’ என்று சொல்லிக்கொண்டே இன்னொரு நாலு டாலரை முன்னே தள்ளினார். முதல் மூன்று பொதுச் சீட்டுகளில் ஒரு ராஜா வந்தது. எதிரி பந்தயம் கட்டக் கட்ட, பெரியவர் 4, பிறகு 8, பிறகு 8 என்று ஈடுகொடுத்து, கடைசியில் தம் ஸ்பேடு ராஜாவையும் டைமன் நாலையும் மலர்த்தி வைத்தார். எதிரியிடம் ஏஸும் ராஜாவும் இருந்தன. நாலு டாலரைக் காப்பாற்றப் போய், அதற்கு மேல் 24 டாலரை அவர் பறிகொடுத்ததை, வில்லைகள் சரிந்து எதிர்ப்பக்கம் போகும் ஓசையோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ராஜா வராமற்போனதல்ல, வந்ததுதான் அவரைக் கெடுத்தது. எட்டுப் பேர் தமக்குப் பின்னால் பேச இருக்கிறார்கள் என்று தெரிந்தும் துணிந்து ஏற்றுபவரிடம் உயர்ந்த ஜோடிகளும் ஏஸ்-ராஜா போன்ற சீட்டுகளுமே பெரும்பாலும் இருக்கும். அத்தகையவருக்கு எதிரே சிறு துணையுடன் கூடிய ராஜா, தோற்கும்போது அதிகமாகத் தோற்று, வெல்லும்போது அற்பமாக வெல்லும் இயல்புடையது. இதே இடத்தில் ஏற்றியவரைத் தொடர்ந்து மேலும் மூவர் நுழைந்திருந்தால், நடுவில் கிடக்கும் 38 டாலருக்கு 4 டாலர் என்ற விலையில், அற்பமாகத் தோன்றும் மூன்று-மூன்று ஜோடியைக்கூட மகிழ்ச்சியோடு ஆடலாம்; ஏனெனில் பொதுச் சீட்டு மூன்று விரியும்போது மற்றொரு மூன்று வந்து சேர்வது ஏறக்குறைய எட்டரை தடவைக்கு ஒரு தடவை நிகழ்வது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்களே, அந்த அளவைதான் இங்கே வேண்டுவது.

‘அப்படியானால் நல்ல சீட்டுக்காகக் காத்திருப்பதே விவேகம்’ என்று எதிர்ப்பக்கம் சாய்பவர்களையும் நான் ஏற்கவில்லை. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 4,800 செயலிகளை 68 நாட்கள் இயக்கி, இருவர் மட்டும் ஆடும் லிமிட் ஹோல்டெமைத் தீர்த்துவிட்டதாக 2015-இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் அறிவித்தார்கள். செஃபியஸ் என்ற அந்த இயந்திரம், பிக் பிளைண்டில் இருக்கையில் மனிதர் வழக்கமாக ஆடுவதைக் காட்டிலும் விரிவான சீட்டுகளை ஆடுகிறது. என் பணம் என்ற மமகாரம் அதற்கு எள்ளளவும் கிடையாது. கொடுக்கும் விலையையும் எதிரி ஏற்றக்கூடிய சீட்டுகளின் பரப்பையும் மட்டுமே அது அறியும். இருவர் ஆட்டத்தில் எதிரி தாராளமாக ஏற்றுவார் என்பதால், அதன் விடையை ஒன்பது பேர் மேஜைக்கு அப்படியே பெயர்த்து வைக்க இயலாது. ஆனால் பொதுச் சீட்டுகள் விரிந்தபின் கடைசியாகப் பேசும் பட்டன் ஸ்தானத்திலிருந்து ஏற்றுபவர், கண்ட சீட்டைக் கொண்டும் ஏற்றுவார் என்பது எங்கும் உள்ள நடைமுறை.

அந்தப் பெரியவருக்கு ஒரு சுற்று கழித்து அப்படியே வாய்த்தது. எல்லோரும் விலகியிருக்க, பட்டனில் இருந்த இளைஞன் 8 டாலராக ஏற்றினான். சிறிய கட்டாயத் தொகையை வைக்கும் ஸ்மால் பிளைண்டில் இருந்த நானும் விலகினேன். நடுவில் அதே 14 டாலர், கொடுக்கவேண்டியது அதே 4 டாலர். நூற்றுக்கு 22 பங்கு வெற்றி வாய்ப்பு இருந்தாலே விலை சமன். கையில் இருந்தவை ஒன்பதும் ஆறும். அவை ஏஸ்-ராஜாவுக்கு எதிரேகூட மூன்றில் ஒரு பங்கு வெல்லக்கூடியவை. முதலில் பேசவேண்டிய இடையூற்றுக்காக எவ்வளவு கழித்தாலும், அந்த இளைஞனுக்கு எதிரே ஆடத் தகுந்தவை. முன்பு போட்ட பணத்தைக் காப்பாற்றியே தீருவேன் என்று புறப்பட்டவர், பட்ட சூட்டின் நினைவில், சீட்டை என் பக்கம் சற்றே சாய்த்துக் காட்டிவிட்டு, ‘நாலு டாலர் போனால் போகட்டும்’ என்று கவிழ்த்துவிட்டார். இளைஞன் தன் சீட்டைக் காட்டாமலே பணத்தை வாரிக்கொண்டான்.