நோட்டில் ‘பார்ப்போம்’ என்று எழுதியவர்களுக்கு



ஐப்பசி மழைக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை. நம் வாலிபர் சங்கத்தின் மழைக்கால உதவிக் குழுவுக்குப் பெயர் கேட்டு, போன ஞாயிறு நோட்டைச் சுற்றவிட்டோம். 34 பெயர் வந்தது. பூரித்துப்போய் வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வால். ‘லீவு கிடைத்தால்.’ ‘பகலில் மட்டும்.’ ‘வீட்டில் விட்டால்.’ ஒருவர் ‘பார்ப்போம்’ என்று எழுதி, அதற்கு அடியில் கையெழுத்தும் போட்டிருக்கிறார்! வால் இல்லாத பெயர்களை மட்டும் எண்ணினேன். ஐந்து. அதில் மூன்று பேர் பிளஸ் டூ படிக்கிற பிள்ளைகள்.

உங்களை ஏச எனக்கு யோக்கியதை இல்லை. 2023 டிசம்பர் 17 ராத்திரியை மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த மழை அது. நம் தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியபோது நான் செய்த முதல் காரியம், தவணை முடியாத என் பைக்கைத் தள்ளிக்கொண்டுபோய் ஆலயப் படிக்கட்டில் ஏற்றியது. ஏற்றினேன், துடைத்தேன், தார்ப்பாய் தேடிக் கட்டினேன். அரை மணி நேரம் போயிருக்கும். ஓடைக்கரையில் தனியாக இருக்கிற பெரியம்மா அதற்குப் பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தார். ஓடினேன். கட்டில்மேல் ஸ்டூலைப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு பாலித்தீன் பை, அதற்குள் வேதப்புத்தகமும் ரேஷன் கார்டும். என்னைப் பார்த்ததும் கேட்டார்: “ஏய்யா, ஒன் வண்டிய மேட்டுல ஏத்திட்டியா?”

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே என் வண்டியை நினைத்து அவருக்குக் கவலை. அதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அதே ராத்திரி திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கிக்கொண்டது. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள், தங்கள் ஊரே வெள்ளத்தில் கிடக்கும்போது, வீட்டில் இருந்த அரிசி பருப்பைத் திரட்டி, முன்பின் தெரியாத அந்த ஜனங்களுக்கு ஆக்கிப் போட்டார்கள். நோட்டில் பெயர் வாங்கியா செய்தார்கள்?

சுயநலம் என்றதும் நமக்கு வேறு யாருடைய முகமோதான் ஞாபகத்துக்கு வரும். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்துவிட்டு, மைக்கில் பெயரைச் சரியாகச் சொல்லவில்லை என்று முறுக்கிக்கொள்கிற அண்ணாச்சியைச் சொல்வோம். (போன வருஷம் ஒரு சேவலை எடுத்துவிட்டு நானும் மைக் பக்கமே காதை வைத்திருந்தேன்.) அதெல்லாம் சில்லறை. ஆண்டவருக்குக் கொடுத்ததுபோக நாம் ஒளித்து வைக்கிற மிச்சம் இருக்கிறதே, சுயநலம் அங்கேதான் குடித்தனம் நடத்துகிறது. வேதத்தில் வரும் அனனியாவும் சப்பீராளும் நிலத்தை விற்று ஒரு பங்கைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள். இன்றைக்கு அப்படிக் கொடுத்தால் சலவைக்கல்லில் பெயர் வெட்டுவோம். நிலத்தை விற்காமலே வைத்திருந்தாலும் பேதுரு கேட்டிருக்க மாட்டார். பங்கைக் கொடுத்துவிட்டு முழுசு என்று சொன்னதுதான் வினையாயிற்று. வாலோடு பெயரைக் கொடுத்துவிட்டு முழுசாகக் கொடுத்ததாக நினைத்துக்கொள்கிற, நம் 34 பேரில் 29 பேரின் கதையும் அதுதானே!

என் பாட்டி உலை வைக்கும்போது படியில் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்துச் சின்னப் பானையில் போடுவாள். அதற்கப்புறம்தான் அரிசியைக் களைவாள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பானை ஆலயத்துக்குப் போகும். சோறு வடித்து, எல்லாரும் சாப்பிட்டு, மிஞ்சினால் பார்க்கலாம் என்று ஒருநாளும் அவள் விட்டதில்லை. மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும்.

வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா 1902-இல் யாழ்ப்பாணம் போயிருந்தார். அங்கே தமிழ்ச் சபையார் தாங்களே காசு போட்டு மிஷனரி அனுப்புவதைப் பார்த்தார். அது அவரைச் சும்மா இருக்க விடவில்லை. அடுத்த வருஷம் பிப்ரவரி 12-ஆம் தேதி பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணம் வேண்டாம், நம் காசு போதும் என்றார்கள். அசரியா அதன் செயலாளர். தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார், கூட்டம் போட்டார், ஜனங்களை எழுப்பினார். பிறரை அனுப்பிக்கொண்டே இருந்தவர், 1909-இல் ஒய்.எம்.சி.ஏ. வேலையை விட்டுவிட்டுத் தானே புறப்பட்டார். தெலுங்கு படித்தார், கூடாரத்தில் தங்கினார். பிஷப் பட்டம் 1912-இல்தான் வந்தது. புறப்படும்போது அதற்கு ஒருவரும் உத்தரவாதம் தரவில்லை.

நானும் நம் சங்கத்துக்குச் செயலாளர்தான். மூன்று வருஷமாக நோட்டைச் சுற்றவிட்டுக்கொண்டிருக்கிறேன்.

எழும்புங்கள்! வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்று கேட்கவில்லை. வீட்டைப் பகைத்துக்கொள்ளவும் வேண்டாம். தனியாக இருக்கிற முதியவர்கள் வீடு பதினொன்று இருக்கிறது. வீட்டுக்கு இரண்டு பேர் பொறுப்பு. ஓடைப்பாலத்தில் அடைத்துக் கிடக்கும் குப்பையை வருகிற இரண்டு சனிக்கிழமைக்குள் வாரியாக வேண்டும். மழை பிடித்தால் ராத்திரி முறைக்காவல். உங்கள் முறை வருகிற ராத்திரி உங்களுக்குச் சொந்தமில்லை, அவ்வளவுதான் நான் கேட்பது. பதினொரு வீட்டில் எந்த மதம், எந்தச் சபை என்று கேட்கிறவர் வர வேண்டாம். போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கிறவர், வேலை முடிந்தபின் வைத்துக்கொள்ளட்டும்.

வருகிற ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் ஹாலுக்கு வாருங்கள். மேசையில் புது நோட்டு இருக்கும். குறிப்பு எழுதுகிற கட்டத்தைக் கத்தரித்துவிட்டேன். பெயரும் போன் நம்பரும் மட்டும்தான். முதல் பெயர் என்னுடையது. மழைக்காலம் முடிகிறவரைக்கும் பைக் குழுவுக்குத்தான், அதன் சாவியும் அந்த மேசைமேல் இருக்கும். டார்ச் லைட் இருப்பவர்கள் எடுத்து வாருங்கள்.