மரக்கால் மட்டும் போதாது!

பத்மநாபபுரம் அரண்மனையைக் காணக் கூட்டம் வருகிறது. தூணைத் தொட்டு வியக்கிறார்கள். தரையின் மெருகைக் கண்டு மலைக்கிறார்கள். வியக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை நாம். ஆனால் அந்த ஊரின் பெயரையே தாங்கி ஓடுகிறதே பத்மநாபபுரம் புத்தனாறு, அதன் கரையிலுள்ள வயல் வாழ்கிறதா, தேய்கிறதா என்று கேட்போர் எத்தனை பேர்?

"ஏன் கேட்க வேண்டும்? எக்டேருக்கு இத்தனை டன் என்று கணக்கு வருகிறதே! விளைச்சல் ஏறினால் கொள்கை வென்றது என்றுதானே பொருள்!" என்பர் கோப்பைப் புரட்டுவோர்.

அதுவா பொருள்? கணக்கொன்று போட்டுப் பார்ப்போம், தோழர்களே! பத்து ஏக்கர் ஏலா ஒன்று. நல்ல நிலம் ஐந்தில் ஏக்கருக்கு 2 டன். கடைவரம்பு நிலம் ஐந்தில் ஏக்கருக்கு 1 டன். மொத்தம் 15 டன், சராசரி ஒன்றரை. கடைவரம்புக்குத் தண்ணீர் எட்டவில்லை. அந்த ஐந்தும் வீட்டுமனை ஆயிற்று. மிஞ்சியது 10 டன். சராசரியோ 2 டன்! ஏட்டிலே ஏற்றம், உலையிலே இறக்கம்!

கற்பனைக் கணக்குத்தான். ஆனால் நாஞ்சில் நாட்டிலே நெல்வயல் சுருங்கியது கற்பனையா? வாழையும் தென்னையும் ரப்பரும் மனைக்கல்லும் வயலில் ஏறியது கற்பனையா? பேச்சிப்பாறை அணை 1906-இல் முடிந்தது. பெருஞ்சாணி பின்னர் வந்தது. கோதையாறு பாசனத்துக்கு ஆணையிடும்போதெல்லாம், இராதாபுரம் பகுதியையும் சேர்த்து, 79,000 ஏக்கர் என்று எழுதுகிறார்கள். அதிலே இன்று கன்னிப்பூவும் கும்பப்பூவும் விளைவது எத்தனை ஏக்கர்? ஏலா வாரியாகச் சொல்லட்டும்!

மண்ணையும் பாருங்கள். 2015-இல் மண்வள அட்டை வந்தது, பன்னிரண்டு சோதனைகள். நல்லது! ஆனால் 2010-இல் உர மானிய முறையை மாற்றியபோது, யூரியாவை மட்டும் விலக்கி, அதன் விலையைத் தாழ்த்தியே வைத்தது மத்திய அரசு. மலிவானதை உழவன் அள்ளிப் போடாமல் என்ன செய்வான்? ஒரு கை அட்டை நீட்டுகிறது. மறு கை யூரியா நீட்டுகிறது! எந்தக் கை வென்றது என்று அளந்தவர் யார்?

அளக்க வழியில்லையா? இருக்கிறது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு ஓர் அளவுகோல் வகுத்துள்ளது. பதினோரு கூறுகள். விளைச்சல் உண்டு, உழவனின் நிகர வருவாய் உண்டு, மண்ணும் நீரும் உண்டு, நிலத்தின் மீதுள்ள உரிமை உண்டு. தோழர்களே, கூலியும் உண்டு! குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே கொடுத்தால் அந்தப் பண்ணைக்குச் சிவப்புப் புள்ளி! ஒன்றின் குறையை மற்றொன்றின் நிறைவால் மூடவும் முடியாது. பதினொன்றில் எது மிக நலிந்ததோ, அதுவே நாட்டின் முடிவு. களத்திலே குவியல் உயர்ந்தும் கதிரறுத்தவள் வீட்டில் அடுப்பெரியவில்லையானால், அது வாழும் வேளாண்மையன்று என்பதே அதன் தீர்ப்பு.

மழை பொய்த்த ஆண்டின் பழியைக் கொள்கையின் தலையில் கட்டச் சொல்லவில்லை நாம். மழை கொழித்த ஆண்டின் மாலையை அதன் கழுத்தில் போடவும் வேண்டாம். திட்டம் வருமுன் ஒருமுறை அளக்கட்டும். வந்தபின் ஆண்டுதோறும், ஐந்தாண்டு, அதே கோலால் அளக்கட்டும். திட்டம் எட்டாத பக்கத்து ஏலாவையும் உடன் அளக்கட்டும். அப்போது தெரியும், மழையின் கொடை எது, கொள்கையின் கொடை எது என்று. அந்தக் கணக்கை மே முதல் நாள் கூடும் கிராம சபையிலே, உழைப்பவர் காதுபட, உரக்கப் படிக்கட்டும்.

ஆட்சி எவருடையதாயினும் இதைக் கேட்போம். நம்மவர் ஆட்சியென்றால் இரட்டிப்பு உரிமையோடு கேட்போம்!

நெல்லை அளக்க மரக்கால் போதும். நெல்லை விளைவித்தவன் வாழ்வை அளக்க மரக்கால் மட்டும் போதாது!