நீலம் வந்துவிட்டது, நோய் போகவில்லை

பெருநகரப் பூக்கடைகளில் அடர்நீல ஆர்க்கிடுகள் சில ஆண்டுகளாகவே கண்ணைப் பறிக்கின்றன. தொட்டியோடு வாங்கிப் போய்ப் பக்குவமாக வளர்த்தால், அடுத்த முறை விடும் பூந்தண்டில் வெள்ளைப் பூக்கள்தான் மலரும். தண்டில் சாயத்தைச் செலுத்தி விற்கப்படும் செடி அது. சாயம் தீர்ந்ததும் நீலமும் தீர்ந்துவிடும்.

சாயமில்லாத நீல ஆர்க்கிடும் இன்று இருக்கிறது. உலகச் சந்தையில் பெருமளவில் விற்கும் ஃபெலனாப்ஸிஸ் ஆர்க்கிடின் வணிக ரகங்களில் தெளிந்த நீலம் கிடையாது. டெல்ஃபினிடின் என்ற நிறமியை உருவாக்கத் தேவையான நொதி அவற்றுக்கு வாய்க்கவில்லை. ஜப்பானின் சிபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இஷிஹாரா சாங்யோ நிறுவனத்துடன் சேர்ந்து, அந்த நொதிக்கான மரபணுவை ஒரு களைச்செடியிலிருந்து எடுத்து ஆர்க்கிடுக்குள் செலுத்தினார்கள். நம் வரப்போரங்களில் நீலப்பூ பூக்கும் கானாவாழைக்கு நெருங்கிய உறவு அந்தக் களை.

அருமையான சாதனைதான். ஆனால் ஆர்க்கிட் வளர்ப்பவரைக் கேட்டால், அவர் தூக்கத்தைக் கெடுப்பது நிறம் அல்ல.

சிம்பிடியம் மொசைக் வைரஸ் தாக்கிய செடிக்கு மருந்தில்லை. ஒரு செடியில் பூந்தண்டை வெட்டிய கத்தியைச் சுத்தம் செய்யாமல் அடுத்த செடியில் வைத்தால், சாற்றின் வழியே அதற்கும் தொற்றிவிடும். பாக்டீரியா அழுகல் இன்னும் வேகமானது. இலையில் நீர் கோத்தாற்போல் ஒரு புள்ளி தோன்றும். சில நாட்களில் இலையே கூழாகிவிடும். பசுமைக்குடிலின் ஈரப்பதமும் நெருக்கமும் நோய்க்குத் துணைபோகின்றன.

திசு வளர்ப்பின் கதையும் இங்கே நினைக்கத் தக்கது. 1960இல் பிரெஞ்சு விஞ்ஞானி ஜார்ஜ் மொரேல் சிம்பிடியம் என்ற ஆர்க்கிட் செடியின் தளிர் நுனியை எடுத்து வளர்த்தது, வைரஸ் இல்லாத கன்றுகளைப் பெறுவதற்காக. அந்த முறையே பின்னர் ஒரே செடியிலிருந்து ஆயிரக்கணக்கில் நகல் எடுக்கும் தொழிலானது. தாய்ச்செடியைச் சோதிக்காமல் நகலெடுத்தால், வைரஸும் கன்றுகளோடு பெருகும். நோயை விலக்கக் கண்ட வழியே நோயைப் பரப்பும் வழியாகிவிடும் ஆபத்து இது.

மரபணுத் தொழில்நுட்பம் உழைக்க வேண்டிய இடம் இதுதான். தைவான் ஆய்வாளர்கள் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். 2005இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வைரஸின் மேலுறைப் புரதத்துக்கான மரபணுவையும் குடைமிளகாயிலிருந்து எடுத்த இன்னொரு மரபணுவையும் ஒரே ஃபெலனாப்ஸிஸில் சேர்த்தார்கள். அந்தச் செடிகள் வைரஸையும் அழுகல் பாக்டீரியாவையும் தாங்கும் திறன் பெற்றன. நீல ஆர்க்கிடைப் போல இது படமாகப் பரவவில்லை. நோயில்லாத பச்சை இலையை யார் படமெடுப்பார்கள்?

மரபணு மாற்றம் என்றதும் எழும் அச்சத்தை ஒதுக்கிவிட முடியாது. சோளத்தின் மரபணு கொண்ட ஆரஞ்சு நிறப் பெட்டூனியா ஐரோப்பாவில் அனுமதியின்றியே விற்பனையில் கலந்திருந்தது பின்லாந்தில் தெரியவந்து, 2017இல் அந்தச் செடிகள் திரும்பப் பெறப்பட்டன. அதனால்தான் விற்கும் ஒவ்வொரு தொட்டியிலும் அடையாளம் வேண்டும். மாற்றிய மரபணு காட்டுச் செடிகளுக்குப் பரவுமா என்ற அச்சமும் உண்டு. ஆர்க்கிடின் மகரந்தம் கட்டியாகத் திரண்டிருப்பதால் காற்றில் பறப்பதில்லை. பூச்சி வந்து சுமக்க வேண்டும். ஆனாலும் காட்டு ஃபெலனாப்ஸிஸ் வளரும் தைவானிலும் பிலிப்பைன்ஸிலும், மூடிய கூடத்தில் வளர்க்கும் குளிர்நாட்டிலும் ஒரே விதியை வைப்பது சரியல்ல.

கலப்பினமும் கைவிடத் தக்கதல்ல. தூசிபோன்ற ஆர்க்கிட் விதைக்குள் சேமித்த உணவு இல்லை. காட்டில் பூஞ்சை ஊட்டினால்தான் அது முளைக்கும். 1922இல் அமெரிக்காவின் லூயிஸ் நட்சன் சர்க்கரை கலந்த அகர் ஊடகத்தில் அதை முளைக்கவைத்தார். அதன்பின் கலப்பினம் உருவாக்குவது எத்தனையோ எளிதானது. ஆனாலும் புதிய கலப்பினம் பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தப் பொறுமைக்கு அரசுதான் பணம் தர முடியும். சிக்கிமின் பாக்யோங்கில் 1996 முதல் இயங்கும் தேசிய ஆர்க்கிட் ஆய்வு மையம், புதுநிறத்துக்கு முன்பாக அழுகலைத் தாங்கும் ரகங்களையும், சிறு விவசாயி நம்பி வாங்கக்கூடிய, வைரஸ் சோதித்த கன்றுகளையும் முதல் வேலையாக எடுத்துக்கொள்ளட்டும்.