வதந்திக்கு வாடகை வாங்குகிறவர்கள்

இணையம் பிள்ளைகளைக் கெடுக்கிறது, இளைஞரைச் சோம்பேறியாக்குகிறது என்ற புலம்பலைப் பாடசாலைப் பரிசளிப்பு விழாக்களில் வருடந்தோறும் கேட்கிறோம். மாணவரின் கைபேசியைப் பிடுங்கிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுபோல அந்தப் பேச்சு முடியும். ஆனால் இந்த நாட்டில் இணையத்தால் விளைந்த பெருங்கேடுகளுள் ஒன்றைச் செய்தவர்கள் பிள்ளைகளல்ல. அதில் கடையையும் வீட்டையும் இழந்தவர்கள் நமக்கு அயலவர்கள். மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் கண்டிக்குப் போகிறவர் அக்குறணையையும் கட்டுகஸ்தோட்டையையும் தாண்டித்தான் போக வேண்டும். 2018 மார்ச்சில் முஸ்லிம்களுக்கு எதிரான வன்முறை அந்த ஊர்கள் வரை வந்தது.

நடந்ததை ஒருமுறை வரிசையாக நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மறதி இந்த விடயத்தில் பலருக்கு வசதியாக இருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. சிங்களவரை மலடாக்கும் மாத்திரை என்றார்கள் சாப்பிட வந்தவர்கள். கடையில் இருந்தவருக்குச் சிங்களம் சரியாக விளங்காது. சூழ்ந்து நின்று அதட்டியவர்களுக்குப் பயந்து ஆமாம் போட்டார். அதைக் கைபேசியில் பிடித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டான் என்று பேஸ்புக்கில் ஏற்றிவிட்டார்கள். கடையும் பள்ளிவாசலும் அன்றிரவே தாக்கப்பட்டன. கட்டியாகக் கிடந்தது வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை கொடுத்தார். சோற்றில் கலந்து மனிதரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை உலகில் எங்குமே இல்லை என்று மருத்துவர்களும் சொன்னார்கள். மாவுக்கட்டிக்கு யார் லைக் போடுவார்?

அந்த வீடியோ சுற்றிக்கொண்டிருந்த வேளையில்தான், கண்டி மாவட்டத்தின் தெல்தெனியவில் வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்டிருந்த சிங்கள லொறிச் சாரதி வைத்தியசாலையில் உயிரிழந்தார். தாக்கிய முஸ்லிம் இளைஞர்கள் ஏற்கெனவே கைதாகியிருந்தனர். நீதிமன்றத்தோடு முடிந்திருக்க வேண்டிய வழக்கு அது. ஆனால் அருகிலுள்ள திகனக் கடைவீதி முஸ்லிம்களின் கைக்குப் போய்விட்டது என்று, மகசோன் பலகாய என்ற சிங்களக் கடும்போக்கு அமைப்பின் அமித் வீரசிங்க பேசிய வீடியோ பேஸ்புக்கில் பரவியது. மார்ச் 5 ஆம் திகதி திகன எரிந்தது. எரிந்த வீடொன்றுக்குள் ஓர் இளைஞனின் உடல் கிடந்தது. மறுநாள் அவசரகால நிலை. அதற்கடுத்த நாள் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் எல்லாவற்றுக்கும் தடை.

முஸ்லிம்களில் ஒரு குழந்தையைக்கூட விட்டுவைக்காதே என்ற பொருளில் சிங்களத்தில் எழுதப்பட்ட ஒரு பதிவு பற்றி அந்த நாட்களில் பேஸ்புக்கிடம் முறையிட்டார்கள். அது எமது விதிகளை மீறவில்லை என்று சில நாட்களின் பின் பதில் வந்தது. ஏப்ரலில் இலங்கையின் சிவில் அமைப்புகள் சக்கர்பேர்க்குக்கு எழுதிய பகிரங்கக் கடிதத்தில் இதுபோன்ற உதாரணங்கள் இருக்கின்றன. சிங்களம் வாசிக்கத் தெரிந்தவர்களைப் போதியளவு வைக்காமலே சிங்களவர் மத்தியில் வியாபாரம் நடத்திய நிறுவனம் அது. தன் கட்டடத்தில் குடியிருப்பவன் பக்கத்து வீட்டுக்குத் தீ வைக்கிறான் என்று ஊரார் ஓடிவந்து சொன்னபோது, அவன் பேசும் பாஷை எனக்கு விளங்காது என்று சொல்லிவிட்டு வாடகையை எண்ணிக்கொண்டிருந்த வீட்டுக்காரன்தான் பேஸ்புக். அதன் மன்னிப்பு அறிக்கை வந்தது 2020 மே மாதத்தில்.

வெறுப்பை இணையமா கண்டுபிடித்தது என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்வி. 1915 இல் கண்டியில் மூண்ட கலவரத்தில் வதந்தி ரயிலேறித்தான் கொழும்புக்குப் போனது. 1983 ஜூலையில் மாத்தளையில் தமிழர் கடைகளும் முத்துமாரியம்மன் கோவிலும் தீக்கிரையானபோது எவரிடமும் கைபேசி இருக்கவில்லை. 2012 ஏப்ரலில் இதே மாவட்டத்தின் தம்புள்ளையில் பள்ளிவாசலுக்குள் புகுந்த கூட்டத்தையும் பேஸ்புக் அழைத்து வரவில்லை. இத்தனையும் உண்மை. ஆனால் 1915 இன் ரயில், அதிகம் கோபமூட்டும் வதந்தியைத் தேடிப் பிடித்து முதல் வகுப்பில் ஏற்றி அனுப்பவில்லை. எதைப் பார்த்தால் மனிதர் கொதிப்பாரோ அதை முன்னே தள்ளுவதும், அந்தக் கொதிப்பின் நடுவே விளம்பரம் விற்பதும் பேஸ்புக் போன்ற நிறுவனங்களின் தொழில்.

அரசாங்கங்கள் கண்ட மருந்து சுவிட்சை அணைப்பது. 2018 இல் அணைத்தார்கள். விபிஎன் வழியாக ஊரே உள்ளே போய்வந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலன்றும் அணைத்தார்கள். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி மறுபடியும் அணைத்தார்கள். அன்று எந்தச் சிறுபான்மையினரையும் காப்பாற்ற வேண்டியிருக்கவில்லை. எரிவாயுவும் மின்சாரமும் கேட்டு வீதிக்கு வந்த மக்களிடமிருந்து அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

சட்டத்தின் கதையும் அதுதான். குடியியல், அரசியல் உரிமைகளுக்கான 2007 ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெறுப்பைத் தூண்டுவது குற்றம். 2020 இல் அந்தச் சட்டம் போய்ப் பிடித்தது, முஸ்லிம்களுக்கு எதிரான வெறுப்புப் பிரசாரத்தை எழுத்தால் எதிர்கொள்ள வேண்டும் என்று பேஸ்புக்கில் எழுதிய ரம்ஸி ராசிக்கை. ஐந்து மாதம் உள்ளே இருந்தார். அது அடிப்படை உரிமை மீறல் என்று 2023 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த ஜனவரியிலேயே பாராளுமன்றம் நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தை நிறைவேற்றிற்று. எது பொய், எது மெய் என்று தீர்மானிக்க ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் ஆணைக்குழு ஒன்று! இந்தச் சட்டத்தைத் திருத்துவதாகத் தேசிய மக்கள் சக்தி அரசாங்கம் சொல்லியிருக்கிறது. ‘பொய்க் கூற்று’ என்ற குற்றத்தைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டும். சிங்களமும் தமிழும் தெரிந்த எத்தனை பேரை வேலைக்கு வைத்திருக்கிறார்கள், எத்தனை முறைப்பாடுகளுக்கு எத்தனை மணித்தியாலத்தில் பதில் கொடுத்தார்கள் என்று நிறுவனங்கள் வருடந்தோறும் பாராளுமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். தவறினால் தண்டம் அவர்களுக்கே, பதிவு போட்ட சாதாரண மனிதருக்கல்ல.

மாவட்டச் செயலகத்துக்கும் பொலிஸுக்கும் ஒரு வேலை இருக்கிறது. வதந்தி கிளம்பிய ஒரு மணித்தியாலத்துக்குள், தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நேரத்தில், உண்மை என்னவென்று அறிவிக்க வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு நாளை வரும் என்ற வழக்கமான பதில் அந்த நேரத்தில் உதவாது.

நாமும் கைகழுவிவிட முடியாது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு, முஸ்லிம் கடைக்குப் போகாதே என்ற செய்திகள் தமிழிலும் சுற்றின. 1983 இல் உடைமைகளைத் தீக்குப் பறிகொடுத்தவர்கள் வாழும் வீடுகளுக்கும் அவை வந்தன. அங்கிருந்தும் பிறருக்கு அனுப்பப்பட்டன. வட்ஸ்அப் குழுக்களின் நிர்வாகிகள் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை. அடுத்த தடவை அப்படியொரு வீடியோ உங்கள் குழுவுக்கு வந்தால், சத்தமில்லாமல் அழித்துவிட்டு இருந்துவிடாதீர்கள். இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று அனுப்பியவரிடம் எல்லோருக்கும் முன்பாகக் கேளுங்கள்.