அணைக்குள் ஊறி நிற்கும் நீர்

பூகம்பம் என்றவுடன் இடிந்த மாடிகள்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் மண் அணைக்குப் பெரிய ஆபத்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில், மண்ணுக்குள் ஊறி நிற்கும் நீரில், பிறக்கிறது. "ஆடியது, நின்றது, இனி அச்சமில்லை" என்று சொல்லிவிடுவது தவறு என்பது எங்கள் கருத்து.

1971-ஆம் ஆண்டு பிப்ரவரி 9 அன்று காலை 6 மணிக்கு, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சான் பெர்னாண்டோ பள்ளத்தாக்கு குலுங்கியது. அங்கிருந்த கீழ் சான் பெர்னாண்டோ அணை சுமார் 140 அடி உயரமுள்ளது. நீர் அதன் உச்சிக்கு ஏறக்குறைய 35 அடி கீழே நின்றது. அணையின் நீர்ப்பக்கச் சரிவு, உச்சியையும் இழுத்துக்கொண்டு ஏரிக்குள் வழுக்கி விழுந்தது. 30 அடி உயரம் போயிற்று. மிஞ்சியது 5 அடி. அதுவும் வெடித்த மண்! தாழ்வில் வாழ்ந்த சுமார் 80,000 மக்கள், நீரை இறக்கும்வரை சில நாட்கள் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது.

காரணம் என்ன? அரிசியைப் படியில் அளக்கும்போது தாய்மார்கள் படியைச் சற்றே குலுக்குவார்கள்; அரிசி நெருங்கி அமரும். தளர்ந்த மணலும் நிலம் நடுங்கும்போது அப்படியே நெருங்கப் பார்க்கிறது. ஆனால் மணிகளின் இடைவெளிகளில் நீர் நிறைந்திருக்கிறதே! சில நொடிகளுக்குள் அது வெளியேற வழியில்லை. ஆகவே மண்ணின் பாரம் நீரின்மேல் ஏறி, நீரழுத்தம் உயர்கிறது. மணிகள் ஒன்றையொன்று அழுத்திப் பிடிக்கும் உராய்வு குறைந்து, திடமான மண் கூழாகிவிடுகிறது. அந்த அணையோ, மண்ணை நீரில் கரைத்து ஓடவிட்டுப் படியவைக்கும் பழைய முறையில் 1912-இல் கட்டத் தொடங்கியது. உருளை போட்டு இறுக்கிய மண்ணன்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பலத்த குலுக்கல் நின்று சுமார் அரை நிமிடம் சென்ற பிறகே சரிவு நிகழ்ந்தது என்று பேராசிரியர் போல்டன் சீட் முதலியோர் கண்டனர். நிலம் ஓய்ந்தது, உள்ளிருந்த அழுத்தம் ஓயவில்லை.

நம் நாட்டில் 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியில் நிகழ்ந்த பூகம்பத்தில் சாங், சிவ்லாக்கா முதலிய மண் அணைகள் பெருஞ்சேதமுற்றன. அடிமண் இளகியது அதற்கு ஒரு முக்கிய காரணம். வறட்சியால் ஏரிகளில் நீர் குறைவாயிருந்தபடியால் வெள்ளம் வரவில்லை. இதைப் பாதுகாப்பு என்று அழைக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

பழைய மண் அணைகளைத் துளையிட்டு உள்ளே என்ன மண் என்று பார்க்க வேண்டும். அழுத்தமானிகளைப் பதித்து நீரழுத்தத்தைத் தவறாமல் குறித்துவர வேண்டும். சந்தேகமுள்ள ஏரியில் நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைக்கவும் தயங்கலாகாது. இச்செலவுக்குத் திறப்பு விழா கிடையாது, மாலையும் கிடையாது. அதனால்தானோ என்னவோ எளிதில் தள்ளிப்போடப்படுகிறது. சான் பெர்னாண்டோவில் பழைய அணைக்குப் பதிலாக, நன்கு இறுக்கிய மண்ணால் லாஸ் ஏஞ்சல்ஸ் அணையைக் கட்டினார்கள். 1994 ஜனவரி 17 அன்று அதே பள்ளத்தாக்கு மீண்டும் குலுங்கியபோது, அதில் சிறு வெடிப்புகளும் சிறிதளவு தாழ்வுமே காணப்பட்டன.