ரம்பத்துக்கும் வயிறு உண்டு!

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்ததே, நினைவிருக்கிறதா? அப்படி ஒரு நாளுக்கென்றே சில வீடுகளில் பெட்ரோல் ரம்பம் வாங்கி வைத்திருக்கிறார்கள். ஆனால் வாசலை மரம் அடைத்துக்கொண்டு கிடக்கும்போது பார்த்து, அது கிளம்ப மறுக்கும்!

குற்றம் ரம்பத்தின்மேல் இல்லை. அதன் வயிற்றில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலின்மேல். பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பழைய பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்ணிய துவாரங்களில் பிசினாகப் படிந்துவிடும்.

பரிகாரம் சுலபந்தான். எஞ்சின் நன்றாக ஆறியதும், நெருப்பு அண்டாத வெட்டவெளியில் டாங்கியைக் காலி செய்யச் சொல்லுங்கள். சிந்தியதைத் துடைத்து, பத்தடி தள்ளிப் போய், இயக்கத் தெரிந்தவர் எஞ்சினை ஓடவிடட்டும். மிச்சமும் தீர்ந்து அதுவே நின்றுவிடும்.

டாங்கிக்குள் குழாய் நுனியில் சிறு வடிகட்டி இருக்கும். கறுத்திருந்தால் புதிது போடுங்கள்; குழாயில் விரிசல் கண்டால் அதையும் மாற்றுங்கள்.

மறுபடி ஊற்றுவது புதுப் பெட்ரோலாக இருக்கட்டும். ஆயிலைக் கையேட்டில் சொன்ன அளவில் கலக்க வேண்டும். பல ரம்பங்களுக்கு லிட்டருக்கு 20 மில்லி. ஆயில் இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிப்போகும்.

நாள்பட்டால் ருசி ஏறுவது ஊறுகாய்க்குத்தான், பெட்ரோலுக்கு அல்ல!