புகையானும் ஒரே மருந்தும்

சென்ற நவரையில் வல்லம் வடகாலில் ஒரு நஞ்சையைப் பார்வையிடச் சென்றேன். பயிர் வட்டம் வட்டமாகத் தீய்ந்திருந்தது. தூரடியிற் புகையான் மொய்த்துக் கிடந்தது. நிலத்துக்குரியவர், மும்முறை மருந்தடித்தும் பலனில்லையென்று மூன்று புட்டிகளைக் காட்டினார். கம்பெனிப் பெயர்கள் மூன்று. உள்ளிருந்த சரக்கோ இமிடாகுளோபிரிட் என்னும் ஒன்றே. மருந்து கலப்படமென்பது அவர் எண்ணம். ஒரே மருந்தை விடாது அடித்ததே பிழையென்பது என் அபிப்பிராயம்.

புகையானின் உடலில், உட்புகும் நஞ்சைச் சிதைக்கும் நொதிகள் உண்டு. நொதியென்பது அமினோ அமிலங்கள் சங்கிலிபோற் கோக்கப்பட்டு மடிந்தமைந்த புரதமாகும். அம்மடிப்பில் ஒரு குழிவு உளது. பூட்டுக்கேற்ற சாவியே உட்செல்வதுபோல, அக்குழிவிற் பொருந்தும் பொருளே சிதைவுறும். 2018இல் எக்ஸிட்டர் பல்கலைக்கழகத்தார் முதலானோர் வெளியிட்ட ஆராய்ச்சியால், மருந்துக்கு அடங்காத புகையானில் இத்தகைய நொதியொன்றின் மரபணு இரட்டித்திருப்பதும், ஒரு பிரதியின் குழிவு மாறியிருப்பதும் தெரியவந்தன. 318ஆம் இடத்தில் த்ரியோனினுக்குப் பதிலாகச் செரின். மற்றோரிடத்தில் ஓர் அமினோ அமிலமே இல்லை. இச்சிறு மாறுதலால் அந்நொதி இமிடாகுளோபிரிட்டைச் சிதைக்கும் வன்மை பெற்றது.

மருந்து இம்மாறுதலை உண்டாக்குவதில்லை. மாறுதலுற்ற பூச்சிகளை மட்டும் மிச்சம் வைக்கிறது. அவற்றின் சந்ததியே பின்னர் வயலை நிரப்பும். அளவைக் கூட்டுவதால் செலவும், சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களின் நாசமுமே மிஞ்சும்.

ஆகையால் விவசாயிகள் கம்பெனிப் பெயரைப் பாராது, லேபிளிலுள்ள மருந்தின் பெயரை வாசித்து வாங்குதல் வேண்டும். தயாமெதாக்சாமும் இமிடாகுளோபிரிட்டின் இனமே. புப்ரோஃபெசின், பைமெட்ரோசின் ஆகியன வேறு விதமாகத் தாக்குவன. அவற்றையும் மாற்றி மாற்றியே உபயோகிக்க வேண்டும். நடும்போதே 8 அடிக்கு 1 அடி பட்டம் விடுக; தழைச்சத்தை மிகுதியாக இடாதீர்; பூச்சி கண்டவுடன் நீரை வடித்துவிடுக. தூரைப் பிரித்து எண்ணிப் பார்த்து, கிளைக்கு 1 பூச்சிக்குக் குறைவாயின் தெளிப்பு வேண்டா.

ஒருவர் மட்டும் இவ்வாறு செய்வதால் முழுப் பலன் கிட்டாது. புகையான் பறந்து செல்வது. வரப்பு அதற்குத் தடையன்று. தொழிற்சாலைகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் எஞ்சிய நஞ்சையைக் காக்க வேண்டின், ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் கிராமாதிகாரிகள் நிலமுடையோரைக் கூட்டி, எந்த மருந்தை எப்போது மாற்றுவதென ஊர் முழுமைக்கும் ஒரே தீர்மானம் செய்தல் அவசியம்.